பீப்பாயில் வெந்த சிலுவை

என் மாமாவுக்கு எதைக் கண்டாலும் சூடு பண்ணிப் பார்க்க வேண்டும். அம்மாவின் தம்பி அவர். எங்கள் தங்கவயலில் பெரிய இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலையில், இரும்பை உலையில் காய்ச்சித் தண்ணீரில் முக்கி உரமேற்றுகிற பிரிவில் வேலை. கத்தி மழுங்கினால் காய்ச்சு, கதவுக் கீல் வளைந்தால் காய்ச்சு. எங்கள் வீட்டுத் தோசைக்கல்லை இரண்டாகப் பிளந்த பெருமையும் அவரையே சேரும். முதலில் உன்னை ஒரு தடவை காய்ச்சி முக்கணும்டா என்று அம்மா திட்டுவாள். அதற்கும் சிரிப்பார்.

எனக்கு அடுத்துப் பிறந்த தங்கச்சி ஒன்பது மாதத்தில் சளி கட்டி இறந்துபோனாள். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. கல்லறையில் குழந்தைகள் வரிசையில் இடம் நெருக்கம், அதனால் அங்கே கல் கட்டக் கூடாது, மரச்சிலுவை மட்டும்தான் என்பது கோயில் கமிட்டியின் சட்டம். எங்கள் ஊர் மண்ணில் கரையானுக்குப் பஞ்சமே கிடையாது. ஐப்பசியில் நட்டால் சித்திரைக்குள் அடி அரித்துச் சிலுவை சாய்ந்துவிடும். ஒரு வருடம் மழையில் எங்கள் சிலுவை விழுந்து கிடந்தபோது, அடையாளம் இல்லாத இடம் என்று நினைத்துக் குழி வெட்டுகிறவர் அங்கே கடப்பாறையைப் போட்டுவிட்டார். யாரோ ஓடிப்போய்த் தடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து மழை வலுத்தாலே அம்மா சோற்றை வைத்துவிட்டுக் கல்லறைக்கு ஓடுவாள்.

அப்பா வருடம் தவறாமல் புதுச் சிலுவை செய்வார். ஊரின் தங்கச் சுரங்கம் மூடியதிலிருந்து அவருக்கு பெங்களூரில் வேலை. விடியுமுன் ரயிலைப் பிடித்துப் போவார், நாங்கள் தூங்கிய பிறகு வருவார். தங்கச்சி விழித்திருக்கும்போது அவர் அவளைப் பார்த்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். இறந்தவர்களை நினைக்க நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் பழைய பெட்டிப் பலகையை எடுத்துக்கொண்டு வாசலில் உட்காருவார். இழைப்பார், தடவிப் பார்ப்பார், மறுபடி இழைப்பார். யாரையும் தொட விடமாட்டார். சாயங்காலம் வெள்ளை பெயின்ட் அடித்து, என் பள்ளிக்கூடப் பிரஷ்ஷை வாங்கி அவள் பெயரை எழுதுவார். ஒரு மணி நேர வேலைக்கு ஒரு நாளா என்று எனக்கு எரிச்சலாக வரும். அன்றைக்கு என்னை ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போக ஆள் இருக்காதே!

கடப்பாறைச் செய்திக்குப் பிறகு மாமா களத்தில் இறங்கினார். நெருப்பில் பதமான மரத்தைக் கரையான் தொடாது, தண்ணீரும் ஏறாது, அதில் அதற்குத் தின்ன ஒன்றும் மிச்சமிருக்காது என்பது அவர் கட்சி. ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாயில் பலகைகளை அடுக்கி, மூடியைக் களிமண்ணால் அப்பி, புகை போக ஒரு ஊசித் துவாரம் விட்டு, சுற்றிலும் தைலமரக் கட்டைகளை மூட்டினார். காற்றுப் புகாமல் வேக வேண்டும், எரியக் கூடாது. அதுவரை எல்லாம் சரி. பழக்கதோஷம் யாரை விட்டது? தொழிற்சாலையில் செய்கிற மாதிரி, சூட்டோடு சூடாகப் பலகையை இடுக்கியால் எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். சடசடவென்று நான்கு இடத்தில் வெடித்தது. தெருவே கூடிச் சிரித்தது.

இரண்டாம் தடவை அம்மா பீப்பாய்க்குப் பக்கத்திலேயே முறத்தோடு உட்கார்ந்துகொண்டாள். மூடியில் கை வைத்தால் அடிதான். மறுநாள் மதியம் பீப்பாய் தானாக ஆறிய பிறகு திறந்தார்கள். பலகை காபிக்கொட்டை நிறத்தில், கருகின வெல்ல வாசனையோடு வந்தது. தூக்கினால் இறகு கனம். ஆணி அடித்தால் பிளக்கும் என்று துளை போட்டு போல்ட்டால் முடுக்கினார். பெயரையும் பெயின்ட்டில் எழுதவில்லை. கம்பியைக் காய்ச்சிச் சுட்டே எழுதிவிட்டார். அன்று ராத்திரி நாங்கள் தூங்காமல் காத்திருந்தோம். அப்பா வேலையிலிருந்து வந்தபோது சிலுவை தயாராகச் சுவரில் சாய்ந்திருந்தது. பார்த்தார், நல்லா இருக்கு என்றார், கை கழுவப் போய்விட்டார்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு முந்தைய ஞாயிறு அப்பா வழக்கம்போல இழைப்புளியை எடுத்தார். பழசே நல்லா இருக்கே என்றாள் அம்மா. அவர் அதைத் திரும்பக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, சும்மா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

திருநாளன்று போனோம். அந்த வரிசையில் பாதிச் சிலுவைகள் சாய்ந்து கிடந்தன. எங்களுடையது நட்டது நட்டபடி நின்றது. காபி நிறம் மட்டும் வெயிலில் வெளிறிச் சாம்பலாகியிருந்தது. அம்மா முகம் வாடியது. மாமா சாவியால் ஒரு ஓரத்தைச் சுரண்டிக் காட்டினார். உள்ளே அதே பழுப்பு. வெயில் மேல்தோலைத்தான் தின்னும், வருடம் ஒரு தரம் எண்ணெய் பூசினால் அதுவும் நின்றுவிடும் என்றார். அம்மா மண்டியிட்டு அடிமண்ணைக் கிளறிப் பார்த்தாள். ஒரு கரையான் இல்லை. இனி மழைக்கு ஓட வேண்டாம் என்று அழுதாள்.

அப்பா குந்தி உட்கார்ந்து, சிலுவையின் இரண்டு கைகளையும் பிடித்து மெதுவாக ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"எத்தினி வருசம் வரும்?" என்றார்.

"பதினஞ்சு வருசத்துக்குக் கவல இல்ல மாமா," என்றார் மாமா. எனக்கு அவர் மாமா, அவருக்கு என் அப்பா மாமா.

"அதுவரிக்கும் நான் இன்னா செய்யறது?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா ஜோக் அடிப்பதே அபூர்வம், எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"ஞாயித்துக்கெழம நல்லா தூங்குப்பா," என்றேன்.

அம்மா எழுந்து வந்து என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். எதற்குக் குட்டினாள் என்றே எனக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.