அட்டென்ஷனில் படுத்திருந்த அப்பா

ராணுவ ஆஸ்பத்திரியில் நோயாளிகள் படுத்துக்கொண்டே அட்டென்ஷனில் இருப்பார்கள். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். ராணுவ நர்ஸாக, லெப்டினன்ட் பதவியில் சேர்ந்து முதல் நாள் வார்டுக்குள் காலெடுத்து வைக்கிறேன், நோயாளிகளில் மூத்தவர் ஒருவர் "சாவ்தான்!" என்று இந்தியில் அட்டென்ஷன் குரல் கொடுத்தார். அவ்வளவுதான். காலொடிந்தவர், வயிற்றில் தையல் போட்டவர், மூக்கில் குழாய் செருகியிருந்தவர், அத்தனை பேரும் போர்வைக்குள் குதிகாலைச் சேர்த்து, கைகளை உடம்போடு ஒட்டவைத்து, விட்டத்தைப் பார்த்தபடி விறைத்துவிட்டார்கள். இதென்னடா கூத்து என்று திகைத்துப்போய், ஒவ்வொரு கட்டிலாகச் சென்று வலி இருக்கிறதா என்று இந்தியில் கேட்டேன். "டீக் ஹை மேடம்." எல்லாக் கட்டிலிலும் இதே பதில்தான். நன்றாக இருக்கிறேன் மேடம். நன்றாக இருப்பவர் எதற்கய்யா இங்கே படுத்திருக்கிறீர் என்று கேட்க வாய் துறுதுறுத்தது.

நான் அதுவரை இருந்த இடம் இதற்கு நேர்மாறு. ஹைதராபாத் குகட்பள்ளியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கேஷுவால்டியில் சில வருஷம் குப்பை கொட்டியவள் நான். ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனிகளில் அமிலம் பட்டு வருபவர்கள், பைக்கோடு டிவைடரில் மோதி வருபவர்கள், கல்யாண விருந்து ஒத்துக்கொள்ளாமல் குடும்பத்தோடு வருபவர்கள் என்று ஒவ்வொருவரும் ஊரைக் கூட்டிவிடுவார்கள். "நொப்பி அம்மா, நொப்பி!" என்று தெலுங்கில் வலியைச் சொல்லி அலறுவார்கள். ஒருத்தர் என் கையைக் கடித்தே வைத்தார். நானும் சளைத்தவள் இல்லை, பதிலுக்குக் கத்துவேன். டாக்டர் போனில் பேசிக்கொண்டிருந்தால், "சார், அப்புறம் பேசுங்க, இங்க ஒருத்தர் போயிகிட்டிருக்காரு" என்று சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்து வருவேன். அந்தக் கூச்சலில் எனக்கு ஒரு காது முளைத்திருந்தது. எது பயத்தில் வரும் சத்தம், எது உண்மையான வலி என்று திரைக்கு அந்தப் பக்கம் நின்றே சொல்லிவிடுவேன். ராணுவ நேர்முகத் தேர்விலும் இதைத்தான் பெருமையாக அளந்தேன். அவர்கள் சிரித்துக்கொண்டார்கள்.

ராணுவத்தில் சேர்ந்தது அப்பாவுக்காக. இல்லை, முழுக்க அப்படிச் சொன்னால் பொய். தனியார் ஆஸ்பத்திரியில் உழைத்து உழைத்து ஓடாய்ப் போயிருந்தேன், இங்கே மரியாதையாவது கிடைக்கும் என்று நினைத்தேன். ஆனால் விளம்பரத்தைப் பேப்பரிலிருந்து கத்தரித்துக் கொண்டுவந்து நீட்டியது அப்பாதான். வேலூர்ப் பக்கத்து ஆள். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிப் போஸ்டிங் செகந்திராபாத் என்பதால் அப்படியே இங்கே தங்கி, குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் ஒரு வீட்டைப் பிடித்து, ஜீடிமெட்லாவில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்று என்னை நர்சிங் படிக்க வைத்தார். வீட்டில் எனக்குப் பாப்பா என்றுதான் பெயர்.

பயிற்சி முடிந்து முதல் முறை உடுப்போடு வீட்டுக்கு வந்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என் தோளில் பக்கத்துக்கு இரண்டாக இருந்த நட்சத்திரங்களைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து குதிகாலைச் சேர்த்து நின்றார். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உக்காருப்பா, இன்னாப்பா இது" என்றேன்.

"நீ உக்காரு முதல்ல" என்றார்.

அம்மா சமையலறை வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "பெத்த பொண்ணுக்கு சல்யூட் அடிக்கிறாரு பாரு! நாளைக்கு நானும் அடிக்கணுமா? நக்கோ சாமி, எனக்கு அடுப்புல வேலை இருக்குது." ஹைதராபாத்துக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரியிடம் பிடித்துக்கொண்ட 'நக்கோ' அது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வேறு வார்த்தையே கிடையாது. அன்றைக்கு மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் நான் உட்கார்ந்த பிறகுதான் அப்பா உட்கார்ந்தார்.

வடக்கே ஓர் ஊரில் இருந்துவிட்டு, கெஞ்சிக் கூத்தாடி செகந்திராபாத்துக்கே மாற்றல் வாங்கி வந்தேன். வந்த கொஞ்ச நாளில் அப்பாவுக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. முன்னாள் ராணுவத்தினருக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆப்பரேஷன் செய்வார்கள். எனக்குப் பெண்கள் வார்டில் டியூட்டி, அவர் ஆண்கள் வார்டில். இரண்டுக்கும் நடுவில் ஒரு தாழ்வாரம்தான். கையருகே இருக்கிறேன், எனக்கென்ன கவலை என்று இருந்தேன்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னச் சின்ன ஓட்டைகள், சின்னத் தையல்கள். மறுநாள் நடந்தார். அதற்கடுத்த நாள் காலை நான் எட்டிப் பார்த்தேன். மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்வை. முகம் சாம்பல் பூத்திருந்தது. நாடியைப் பிடித்தேன், குதிரையாக ஓடியது. லேசாகக் காய்ச்சலும் இருந்தது. பித்தநீர் எங்காவது உள்ளே கசிகிறதோ என்று கேஷுவால்டிக்காரி மனசில் மணி அடித்தது.

"வலிக்குதாப்பா?"

"டீக் ஹை மேடம்" என்றார்.

மேடம்! பெற்ற அப்பா. அப்படியே ஆடிப்போனேன். சுற்றிலும் இருந்த கட்டில்களில் அத்தனை பேரும் விறைத்துக் கிடந்தார்கள், அவர் மட்டும் எப்படிப் பாப்பா என்று கூப்பிடுவார்? குனிந்து காதருகே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன், "அப்பா, வெளையாடாத. எங்க வலிக்குது சொல்லு."

"எல்லாரும் பாக்கிறாங்க. போங்க மேடம், டியூட்டிய பாருங்க."

கொஞ்ச நேரத்தில் சர்ஜன் ரவுண்ட்ஸ் வந்தார். லெப்டினன்ட் கர்னல், பொறுமையான மனிதர், அவர்மேல் இன்றுவரை எனக்கு ஒரு குறையும் கிடையாது. நான் மேட்ரனிடம் கேட்டுக்கொண்டு பின்னால் நின்றேன். "சாவ்தான்!" வார்டே விறைத்தது. அப்பா மற்ற எல்லோரையும்விட அழகாக விறைத்திருந்தார். சர்ஜன் வயிற்றில் கைவைத்து அழுத்தினார். அப்பா முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. வயிறு கல்லாக இருந்தது, உள்ளே கசிவு இருந்தால் அப்படித்தான் இறுகும். ஆனால் அட்டென்ஷனில் படுத்திருப்பவன் வயிறு கல்லாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? "வயிற்றைத் தளர்த்துங்கள் ஹவில்தார் சாப்" என்று சர்ஜன் இந்தியில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "சார்!" என்று அப்பா இன்னும் விறைத்தார். வலி? இல்லை சார். குமட்டல்? இல்லை சார். சாப்பிட்டீர்களா? சாப்பிட்டேன் சார்.

தாழ்வாரத்தில் சர்ஜன் பின்னாலேயே ஓடினேன். "சார், அவர் சொல்றத நம்பாதீங்க. எனக்கு அவரைத் தெரியும்."

"நாடி அதிகம்தான், நானும் பார்த்தேன். ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறேன். நாளைக் காலையில் ஸ்கேன் எடுத்துவிடலாம்" என்றார். "வலி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இப்போதே எடுத்திருப்பேன். நீ மகள். பதற்றமாகத்தான் இருக்கும்."

"யெஸ் சார்" என்றேன். குகட்பள்ளியாக இருந்திருந்தால் வழியை மறித்துக்கொண்டு நின்றிருப்பேன். இங்கே என் குதிகால்களும் சேர்ந்துகொண்டன. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கால்களை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

மத்தியானம் அம்மா ரசம் சாதம் கொண்டுவந்தாள். அவளிடமும் அப்பா நல்லாத்தான் இருக்கேன் என்றே சொன்னார். சாதத்தைத் தொடவில்லை. நான் அம்மாவைத் தாழ்வாரத்துக்கு இழுத்துவந்து அழுதேன். "என்னால முடியலம்மா. ஊரான் வலியெல்லாம் எனக்குத் தெரியுது, இவரு வாயத் தொறக்க மாட்டேங்கறாரு."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அந்த உடுப்பப் போட்டுகினு கேட்டா இன்னா சொல்லுவாரு? பட்டாளத்துல இத்தினி வருஷம் நட்சத்திரத்துக்கு முன்னாடி வாயத் தொறந்திருப்பாரா அந்த மனுஷன்? போ. அவுத்துட்டு வா."

இது எனக்குத் தோன்றவேயில்லை. மேட்ரனிடம் சொல்லிவிட்டு, நான் தங்கியிருந்த ஆபீசர் மெஸ்ஸுக்கு ஓடினேன், கிடைத்த சுடிதாரை மாட்டிக்கொண்டு, தலையைப் பிரித்துப் பின்னிக்கொண்டு திரும்பி வந்தேன். வார்டில் யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. யாரும் சாவ்தான் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் சாய்ந்து உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தார். அந்த வார்டில் நான் கேட்ட முதல் முனகல் அதுதான்.

அப்பா என் முகத்தைப் பார்க்கும் முன் தோளைப் பார்த்தார். அங்கே துப்பட்டாதான் இருந்தது.

"பாப்பா" என்றார். அடுத்த நிமிஷம் முகம் கோணிப்போயிற்று. "வலிக்குதும்மா. தாங்க முடியல. நேத்துல இருந்து வலிக்குது. வயித்துல நெருப்ப அள்ளிக் கொட்டுன மாதிரி இருக்குதும்மா."

அப்பா அழுது அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. ஏன்ப்பா சொல்லல, ஏன்ப்பா சொல்லல என்று நானும் அழுதுகொண்டே கேட்டேன். "ஹவில்தார் பொண்ணு ஆபீசரா வந்து நிக்கற. உன் அப்பன் வார்டுல கத்தறான்னு நாலு பேரு சொல்லலாமா?" என்றார்.

சர்ஜன் உடனே வந்தார். குறை சொல்ல முடியாது, ஓட்டமாகவே வந்தார். ஸ்கேனில் வயிறு முழுக்கப் பித்தநீர். மறுபடியும் தியேட்டர். கதவருகே ஒரு சிப்பாய் என்னைத் தடுத்தான். "நோயாளியோட ஆளுங்க வெளியில இருக்கணும்." சுடிதாரில் நான் வெறும் ஆளாகத்தான் இருந்தேன். கேஷுவால்டியில் எத்தனை பேரை இப்படிப் பிடித்துத் தள்ளியிருப்பேன்! அம்மாவும் நானும் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

வயிற்றைச் சுத்தம் பண்ணி ஐசியுவுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் தொண்டையில் போட்டிருந்த குழாயை எடுத்ததும் இரண்டு வார்த்தை பேசினார், பாப்பா சாப்பிட்டாளா என்று கேட்டார். பிழைத்துவிடுவார் என்றே நம்பினோம். ஆனால் விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. பிறகு நான் அவரைப் பார்க்கப் போனதெல்லாம் உடுப்பைக் கழற்றிவிட்டுத்தான். டியூட்டி முடிந்து மெஸ்ஸுக்குப் போய், சுடிதாரில் வந்து, எங்க வலிக்குது என்று கேட்பேன். அவரும் சொல்லுவார். இங்கே, இங்கே என்று கைகாட்டுவார். மருந்து போடச் சொல்வேன். எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டதாக ஓர் அசட்டு நிம்மதிகூட எனக்கு வந்திருந்தது.

ஒரு நாள் காலை நான் என் வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது ஐசியுவிலிருந்து போன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள். அந்தக் குரலை எனக்குத் தெரியும், நானே எத்தனையோ குடும்பங்களிடம் அந்தக் குரலில் பேசியிருக்கிறேன். தாழ்வாரத்தில் ஓடினேன். ஐசியு கதவுவரை போய்விட்டேன். அங்கேதான் உறைத்தது, தோளில் நட்சத்திரம் இருக்கிறது. இதோடு உள்ளே போனால் அப்பா என்னைப் பார்த்து விறைப்பார். கடைசியாக என்னிடம் டீக் ஹை மேடம் என்றுதான் சொல்லுவார்.

மெஸ்ஸுக்கு ஓட நேரமில்லை. நட்சத்திரம் பதித்த தோள்பட்டியையாவது உருவிவிடலாம் என்று கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். இடது தோளில் பட்டன் அவிழ்ந்தது, உருவிவிட்டேன். வலது தோளில் பட்டன் வரவில்லை. விரலெல்லாம் வியர்த்து வழுக்கியது. இழுத்தேன், திருகினேன், குனிந்து பல்லால் கடித்தேன். கேஷுவால்டியில் கண்ணை மூடிக்கொண்டு நரம்பில் ஊசி ஏற்றிய கை இது, ஒரு பட்டனைக் கழற்றத் தெரியாமல் திண்டாடியது.

கதவு திறந்தது. அம்மா நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"வாசல்லயே இன்னாடி பண்ணிகினு இருந்த?" என்றாள். "உன் காலடிச் சத்தம் கேட்டுச்சு அவருக்கு. பாப்பா வந்துட்டா, வலிக்குதுன்னு சொல்லணும், கூப்புடுன்னாரு."