சட்டைப் பையில் இருந்த ரேம்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கம்ப்யூட்டர் தப்பு செய்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், என் பிழைப்பே அதுதான்.

என்னோடு படித்த இம்தியாஸ் ஆம்பூரில் சின்னதாகத் தோல் பதனிடும் டேனரி ஒன்று நடத்துகிறான். தோல் சுற்றும் டிரம்களை ஓட்டுகிற கன்ட்ரோல் போர்டு செத்துவிட்டது, புது போர்டுக்குப் பழைய இயங்குதளம் ஒத்துவரவில்லை, மூலநிரலை அந்த போர்டுக்குப் புரிகிற மாதிரி மாற்றி, புதிதாகக் கம்பைல் செய்துகொடு என்று கூப்பிட்டான். சத்துவாச்சாரியில் இருந்து காலையிலேயே போய்விட்டேன். டிரம்முக்குள் ஆட்டுத்தோல் ஊறிக்கொண்டிருந்தது, சாயங்காலத்துக்குள் சுற்றாவிட்டால் அத்தனையும் அழுகிவிடும்.

“இந்த லோடு போச்சுன்னா ஷாப்ப மூட வேண்டியதுதான்டா,” என்றான். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அவன் ஆபீஸ் ரூமில் இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன், கம்பைல் நடுவிலேயே நின்று நின்று போனது. ஒரே இடத்தில் நின்றால் நிரலில் தப்பு என்று சொல்லலாம், இது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றது, அப்படியானால் பெரும்பாலும் கம்ப்யூட்டரின் நினைவக அட்டையான ரேமில்தான் கோளாறு. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு ரேமையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புதிது வாங்க பஜாருக்குப் போனேன். வெள்ளிக்கிழமை மதியம், எல்லோரும் ஜும்மாவுக்குப் போயிருந்தார்கள், கம்ப்யூட்டர் கடை பூட்டியிருந்தது. சரி, பசிக்காவது வழி பார்ப்போம் என்று பிரியாணி சாப்பிட்டுவிட்டு அதே ரேமோடு திரும்பினேன்.

ரேமைத் துடைத்து மாட்டி, பிளக்கைச் சொருகி ஆன் செய்தால், நம்பினால் நம்புங்கள், கம்பைல் முடிந்து இயங்குதளம் முழுதாக இருந்தது. முடிந்ததாக அதில் பதிவாகியிருந்த நேரம், நான் பிரியாணிக் கடையில் இலை முன்னால் உட்கார்ந்திருந்த நேரம். ரேம் இல்லாமல் கம்ப்யூட்டர் கண்ணே திறக்காது, இதில் கரண்ட்டும் இல்லை. யோசிக்க நேரமில்லாமல் போர்டில் ஏற்றினேன். டிரம் சுற்றியது, தோல் பிழைத்தது, இம்தியாஸ் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

கிளம்பும்போது, அங்கே கூட்டிப் பெருக்கும் கோவிந்தம்மாவிடம், நான் வெளியே போனபோது யாராவது ரூமுக்கு வந்தார்களா என்று சும்மா கேட்டேன்.

“நீங்க எங்க சார் வெளிய போனீங்க? உள்ளதான உக்காந்துனு இருந்தீங்க. டீ வேணுமான்னு கேட்டேன், நிமிந்துகூட பாக்கல. இன்னாத்தயோ தொலச்சிட்ட மாதிரி சட்டப் பாக்கெட்டயே தடவினு இருந்தீங்க.”

ஏதோ ஒரு காரணம் இருக்கும் என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன். போர்டை ஆன் செய்யும்போதெல்லாம் கம்பைல் செய்தவர் என்று என் பெயரும் அந்த மதிய நேரமும் திரையில் ஓடுகின்றன. போன மாதம் இம்தியாஸ் போன் செய்து, புது வெர்ஷன் போட்டுத் தரச் சொன்னான். ஓடுகிறதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் கவனித்தேன், பேசிய நேரமெல்லாம் என் இன்னொரு கை சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்திருக்கிறது.