கத்தரிப்பூ நிற இழை

சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகும்வரை அவர் பைக்கில் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரும் இடம் என்னுடையது. ஆரணியில் பாதிப் பேருக்கு அது தெரியும். சித்தி படவேட்டிலிருந்து வந்த மூன்றாம் மாதம் அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி உட்கார்ந்தது. தெருமுனை டிபன் கடையின் காய்கறித் தோல், மிஞ்சின சோறு எல்லாம் அதில் வரும், சித்தியின் ஆறு கோழிகளுக்காக.

கம்பு வாங்கிப் போடச் சொன்ன அம்மாவிடம், "எதுக்குக்கா தானியம்லாம்? குப்பையக் கிளறவுட்டா போதும்" என்று சித்தி சிரித்தாள். புழக்கடையில் வைக்கோல், சாணம், வாளிக் கழிவு என்று அடுக்கி ஒரு மேடு போட்டாள். சில வாரங்களில் அதில் புழு நெளிந்தது. கோழிகள் நாள் முழுக்கக் கிளறின, முட்டையாக இட்டுத் தள்ளின. சித்தப்பா தெருவெல்லாம் அதே பேச்சாகத் திரிந்தார். எனக்கு அந்த முட்டைகளைப் பார்த்தாலே வயிறு எரியும். சாப்பிட மட்டும் இரண்டு வேண்டும்.

வாளியைக் கொட்டுமுன் சித்தி பிடி பிடியாக அள்ளிப் பார்ப்பாள். தறி ஓடும் எங்கள் வீட்டில் அறுந்த இழைகள் எங்கும் கிடக்கும், கோழி விழுங்கினால் உள்ளே சுருண்டு அடைத்துக்கொள்ளும் என்று எனக்கும் சொல்லியிருந்தாள். அப்படித்தான் எனக்கு அது தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவை ஏரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். "சித்திக்கு வைக்கோல் வாங்கிகினு வரணும் கண்ணு, அப்புறம் போலாம்" என்று கிளம்பிவிட்டார். தறிக்கடியில் கிடந்த இழைகளை ஒரு பிடி எடுத்து, சோற்றில் பிசைந்து சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டி, மேட்டில் போட்டேன்.

மூன்றாம் நாள் கறுப்புக் கோழி இரை எடுக்கவில்லை. கழுத்தடியில் இரைப்பை கல்லாக இறுகியிருந்தது. சித்தி எண்ணெய் புகட்டி, நீவி நீவி, வாய்க்குள் விரல் விட்டு இழுத்தாள். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சாண் இழை வந்தது. அதற்குமேல் வரவில்லை. கோழி அவள் மடியிலேயே செத்தது.

மேட்டின் ஓரத்தில் நான் போட்ட உருண்டை ஒன்று காய்ந்து கிடந்தது, அதே நிற இழையோடு. சித்தி அதை எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதற்குள் சித்தப்பா வந்துவிட்டார்.

"இன்னா பாத்துக் கொட்டுற நீ? கண்ண எங்க வெச்சிருந்த?"

"நான்தாங்க சரியா பாக்கல" என்ற சித்தி, உருண்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

சித்தப்பா அவளைத் திட்டி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். இனிக்கத்தான் செய்தது. மறுநாள் சித்தி எனக்குத் தலை பின்னிவிட்டாள், வழக்கத்தைவிட மெதுவாக. திட்டுக்குப் பயந்து உருண்டையை மறைத்தவள், யார் போட்டது என்று யோசிக்கக்கூடத் தெரியாதவள், பாவம் என்று அவளுக்காக இரக்கப்பட்டுக்கொண்டே தலையைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.