சங்கு பிஸ்கட்

அம்சவல்லி ஆரம்பித்துப் பாதியில் விட்டதெல்லாம் நெய்வேலி குவார்ட்டர்ஸ் பரணில் இருக்கிறது. தையல் மெஷின், பானைக்குப் பெயின்ட் அடிக்கும் பிரஷ், காளான் வளர்க்க வாங்கிய உறைகள். காடாம்புலியூரிலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் அவளுக்குக் கை சும்மா இருக்காது. அலுத்துப்போகவும் அதிக நாளாகாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதனால்தான் மகள் இளவேனில் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஓவன் ஒன்று வாங்கி அனுப்பியதும், சுரங்கத்தில் ஆபரேட்டராக இருக்கும் கணவர் பன்னீர்செல்வம் நக்கலடித்தார்.

"பொட்டியக் கிழிக்காத அம்சா. பரண்ல ஏத்தறப்ப வேணும்."

சொன்னதோடு விட்டாரா? அட்டைப்பெட்டியை மடித்து அலமாரிக்குப் பின்னால் பத்திரமாகச் செருகியும் வைத்தார். அவளுக்குச் சுருக்கென்றது. இந்த ஒன்றை மட்டும் பரணேற விடக்கூடாது என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள்.

சாக்லேட் சங்க் குக்கீ செய்யும் முறையை இளவேனில் போனில் சொன்னாள். வடலூர்க் கடையில் வாங்கிய கட்டிச் சாக்லேட்டை அம்சவல்லி அரிவாள்மனையில் பெரிது பெரிதாக நறுக்கினாள். மைதா, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் அளவாகப் போட்டாள். அம்மா வீட்டு முந்திரியைக்கூட உடைத்துச் சேர்த்தாள். வந்தது கல். அடுத்த வாரமும் கல். அதற்கடுத்த வாரமும் சாட்சாத் கல்லேதான்.

பன்னீர்செல்வம் ஒன்றை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தார். "எங்க நிலக்கரி இதவிட மெதுவா இருக்கும்."

மீதியை டப்பாவில் போட்டு ஷிஃப்டுக்கு எடுத்துப்போவார். டப்பா காலியாகத் திரும்பும். நாய்க்குப் போட்டிருப்பார் என்று அம்சவல்லி நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லித் தொலைத்துவிட்டால்?

இளவேனில் ஊருக்கு வந்திருந்த சனிக்கிழமை, முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது மனுஷன் சொல்லிவிட்டே போனார்: "இன்னிக்கும் கல்லாச்சின்னா பொண்ணு இருக்கறப்பவே மேல ஏத்திடறேன்."

மத்தியானம் சாப்பாடு முடிந்து அம்சவல்லி தட்டை ஓவனில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வீடெங்கும் வாசனை.

"எடும்மா, ஓரம் செவந்துடுச்சி" என்றாள் இளவேனில்.

"இருடி. இன்னும் சங்கு ஊதல."

"எந்தச் சங்கு?"

"நீதான போன்ல சொன்ன? சங்கு போட்டப்புறம் ரொம்ப நேரம் விடாத, எடுத்துடுன்னு."

இளவேனில் 'சங்க்' என்று சொன்னது சாக்லேட் துண்டை. நெய்வேலியில் குடும்பம் நடத்துகிறவளுக்குச் சங்கு என்றால் ஷிஃப்ட் மாறும்போது ஊதும் சங்குதானே? உலை வைப்பதும் கொடியில் துணி எடுப்பதும் அதைக் கேட்டுத்தான். குக்கீயையும் அதனிடமே ஒப்படைத்துவிட்டு, இரண்டு மணிச் சங்கு வரைக்கும் ஒவ்வொரு வாரமும் அரை மணி நேரம் வேகவிட்டிருக்கிறாள்.

மகள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே தட்டை வெளியே எடுத்தாள்.

"கொழகொழன்னு இருக்கேடி, வேகவே இல்ல."

"ஆறட்டும்மா, கெட்டிப்படும்."

கெட்டிப்பட்டது. ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து, கடித்த இடத்தில் சாக்லேட் இளகி ஒட்டியது. அம்சவல்லிக்குக் கண் கலங்கியேவிட்டது. அப்பாடா, ஓவன் பரணேறாமல் தப்பித்தது.

சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் பன்னீர்செல்வம் வந்தார். கை கழுவி ஒன்று தின்றார். இன்னொன்றும் தின்றார்.

"எப்படிங்க இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு." சொன்னவர் அடுக்களையைத் துழாவினார். "பழசு இல்லியா?"

"எது?"

"அந்தக் கல்லு பிஸ்கட்டு. இது டீயில முக்குனா கரைஞ்சிப்பூடும். அது நின்னு ஊறும். எங்க ஷிஃப்டு பசங்க அதுக்குன்னே டீய வாங்கி வெச்சிக்கினு குந்திக்கினு இருக்கானுங்க. கடைசி ஒண்ணுக்குக் கொளஞ்சியப்பன் சண்டையே போட்டான்."

"அப்ப நாய்க்குப் போடலீங்களா?"

"நாய்க்கா? எனக்கே ஒண்ணுதான் கெடைக்குது."

அம்சவல்லி முகமெல்லாம் மலர்ந்து, மீதி மாவை உருட்ட உட்கார்ந்துவிட்டாள்.

"அடுத்த சங்கு ராத்திரி பத்து மணிக்குத்தாம்மா" என்றாள் இளவேனில்.

அதுவும் சரிதான். மாவை மூடி ஃபிரிட்ஜில் வைத்தாள், நாளைச் சங்குக்கு. பன்னீர்செல்வம் அலமாரிக்குப் பின்னாலிருந்த ஓவன் அட்டைப்பெட்டியை உருவி, நாலாகக் கிழித்து, பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டினார்.