துளை வைத்த கேபிள்

நான் வேலை பார்க்கும் பாலிடெக்னிக்குக்கு ஓர் அலுவலகம் தான் கழித்துப்போட்ட இரண்டு ரவுட்டர்களைக் கொடுத்தது. ரவுட்டரைத் திரையில் படமாக மட்டுமே பார்த்திருந்த எங்கள் மாணவிகள் இனி அதைத் தொட்டுப் பழகலாம்! ஆனால் இரண்டையும் நேரடியாக இணைக்கப் பழைய ரக சீரியல் கேபிள் ஒரு ஜோடி தேவை. ஒன்றின் முனையில் ஊசிகள், மற்றதன் முனையில் துளைகள் இருக்கும். இரண்டையும் நடுவில் சேர்த்து அழுத்த வேண்டும்.

டவுனில் ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம், "இத இப்ப யாரு கேக்குறாக்கா?" என்று சிரித்தார்கள்.

சனிக்கிழமை மதியம், என்னோடு லேபில் வேலை பார்க்கும் அக்கா என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு செல்லூரில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். பக்கத்துத் தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கடைக்காரருக்குப் போனில் படத்தைக் காட்டினேன்.

"அட, இந்த நீலக் கயிறா!"

மூலையில் இருந்த பழைய கீபோர்டுகளை அந்தக் கேபிள்களால்தான் கட்டி வைத்திருந்தார். பாய்ந்து போய் அவிழ்த்தேன். இரண்டு கேபிள்கள். இரண்டிலும் ஊசிகள்.

"ஓட்ட வச்சது ஒண்ணு வேணும்ண்ணே."

"இது வந்த லோடுல பாதி திருமங்கலத்துல எம் மாப்ளகிட்ட இருக்கு. கேப்போம்" என்று போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஓட்ட வச்சதா? நெறையா இருந்துச்சு மாமா. செம்பு எடுக்க இப்பத்தான் வெட்டிக்கிட்டு இருக்கேன்" என்றது எதிர்முனை.

"அண்ணே, வெட்டாதீங்க! எம்புட்டு மிச்சம் இருக்கு?" என்று கத்தினேன்.

"ஒண்ணே ஒண்ணு."

"அதத் தொடாதீங்க. இந்தா, வாரோம்!"

ஊசி வைத்த கேபிள் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு திருமங்கலத்துக்குப் பறந்தோம். வெயில் முகத்தில் அறைந்தது. எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை.

"இதுக்கா இம்புட்டு தூரம் ஓடியாந்தீக?" என்று அந்த மாப்பிள்ளை கேபிளை நீட்டினார். முனையில் துளைகள்! ஆனால் நடுவே கத்தி பட்ட ஒரு கீறல். உள்ளே கம்பி அறுந்திருக்குமோ? அந்த ஞாயிற்றுக்கிழமை நகரவே இல்லை.

திங்கள் காலை மாணவிகள் சூழ்ந்து நிற்க இரண்டு முனைகளையும் சேர்த்துத் திருகினேன். ஒரு ரவுட்டரிலிருந்து மற்றதை ஐந்து முறை கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் வந்தால் திரையில் ஆச்சரியக்குறி விழும், வராவிட்டால் புள்ளி. ஐந்தும் புள்ளிகள்.

கீறல்தான் காரணம் என்று கேபிளைக் கழற்றப் போனேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஓட்டப் பக்கத்து ரவுட்டருக்கு வேகத்தச் சொன்னியாடி?"

அவசரத்தில் மறந்திருந்தேன்! துளை முனை இருக்கும் பக்கம்தான் வேகத்தை முடிவு செய்ய வேண்டும். அந்த ஒரு வரியைத் தட்டிவிட்டு மறுபடி கூப்பிட்டேன்.

!!!!!

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடி வந்தார். முன்வரிசை மாணவி ஒருத்தி அதற்குள் கேபிளைப் பிடித்துவிட்டாள்.

"மேடம், உருவிட்டு நான் ஒருக்கா மாட்டவா?"

"உருவு" என்றேன்.