சாகுல் சார் விட்டுவைத்த இடைவெளி

வியாழக்கிழமை காலை, இடைவேளை மணி அடித்ததும் போனைப் பார்த்தேன். எங்கள் ஸ்பானிஷ் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் சாகுல் சாரின் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. அவர் எதையும் தட்டச்சு செய்ய மாட்டார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். வாழ்த்து, திட்டு, உச்சரிப்புத் திருத்தம் எல்லாமே குரல்தான். அன்றைய திட்டு யாருக்கோ என்று நினைத்து ஆசிரியர் அறையில் சத்தமாகவே ஓடவிட்டேன். பேசியது அவர் மகன். "வாப்பா காலையில மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். எல்லாரும் துஆ செய்யுங்க." தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள். நான் மறுபடி ஓடவிட்டேன். சரியாகத்தான் கேட்டிருந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம். காயல்பட்டினத்துக்காரர். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். தென்னமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போய்வந்தே ஸ்பானிஷைப் பிடித்துக்கொண்டவர். ஸ்பானிஷ் தெரிந்தால் பிள்ளைகளுக்குக் கப்பல் கம்பெனியில் வேலை கிடைக்கும் என்று பெற்றோர் கூட்டத்தில் யாரோ கிளப்பிவிட, தூத்துக்குடியில் சில பள்ளிகள் அந்தப் பாடத்தைத் தொடங்கின. கற்பிக்க ஆள் வேண்டுமே! ஆங்கில ஆசிரியையான என்னைப் போன்றவர்களைப் பிடித்து உட்காரவைத்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பாடம் முன்னால் நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம். ஸ்மார்ட் போர்டும் வீடியோவும் ஒலிப்பதிவும் வைத்து எப்படி நடத்துவது என்று எங்களுக்குப் பழக்கிவிட வந்தவர்தான் சாகுல் சார். சனிக்கிழமைதோறும் எங்கள் பள்ளியில் பயிற்சி.

முதல் சனிக்கிழமையே என்னை எழுப்பி, மற்றவர்களைப் பிள்ளைகளாக நினைத்துப் பாடம் நடத்தச் சொன்னார். நான் இரவெல்லாம் சேகரித்த வீடியோக்களைப் போட்டேன். பாட்டு, பொம்மை, பழங்களின் படம் என்று அடுக்கடுக்காக ஓடியது. நடுவே என் விளக்கம் வேறு. முடித்துவிட்டுப் பாராட்டுக்காக நின்றேன். "டீச்சர், கப்பல் ரேடியோவுல ஒரு பட்டன் இருக்கும். அத அமுக்குனாத்தான் நாம பேச முடியும். ஆனா அமுக்கிப் புடிச்சிக்கிட்டே இருந்தா எதிர்க்கப்பல்காரன் பேசுறது நம்ம காதுல விழாது. நீங்க இன்னும் பட்டன விடவே இல்ல" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தக் கோபம் அடங்க ஒரு வாரம் ஆனது. ஆனால் அடுத்த வகுப்பில் ஒரு வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சும்மா நின்றேன். பிள்ளைகள் பேசினார்கள்.

பதிவுகளில் அவருக்குப் பகட்டு பிடிக்காது. தன் உச்சரிப்பு கப்பல்காரன் உச்சரிப்பு என்று அவரே சொல்லிக்கொள்வார். அதனால் தன்னோடு கப்பலில் சமையல்காரராக இருந்த பெரு நாட்டு நண்பரை எளிய வாக்கியங்கள் பேசி அனுப்பச் சொல்லியிருந்தார். வந்த பதிவில் பின்னால் ஒரு சேவல் விடாமல் கூவியது. ஒரு ஆசிரியர் மெனக்கெட்டு அந்தச் சத்தத்தை நீக்கிக்கொண்டு வந்தார். சாருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "அந்தச் சேவல ஏன் கொன்னீரு? சேவல் கூவுதுன்னாத்தான் அங்கன ஒரு வீடு இருக்கு, வீட்டுல ஒரு மனுஷன் இருக்காருன்னு பிள்ளைகளுக்குத் தெரியும்" என்றார். சேவல் திரும்ப வந்தது. எங்கள் ஆறாம் வகுப்பு அந்த நண்பருக்குச் சேவல் மாமா என்று பெயர் வைத்தது.

பகட்டு பிடிக்காது என்றேன். தன் முகம் பதிவாகும்போது மட்டும் அந்தக் கொள்கை செல்லாது. மீசைக்குச் சாயம் போட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து நிற்பார். அப்படி எடுத்ததுதான் ஸ்பானிஷ் ஆசிரியர்கள் எல்லோரும் வகுப்பைத் தொடங்கும்போது போடுகிற பதிவு. "மே யாமோ சாகுல்" என்று தன் பெயரைச் சொல்வார். "கோமோ தே யாமாஸ்?" என்று நம் பெயரைக் கேட்பார். பிறகு தலையை லேசாகச் சாய்த்து, நம்மையே பார்த்தபடி பேசாமல் இருப்பார். யாரோ பதில் சொன்னதுபோல முகம் மலர்ந்து "முச்சோ குஸ்தோ" என்பார். உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி. அவ்வளவுதான் பாடம்.

அந்தப் பேசாத இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. எங்கள் பள்ளித் தாளாளர் உடன்குடிக்காரர், கருப்பட்டி வியாபாரத்தில் வளர்ந்தவர், நல்ல மனிதர். அவருக்குப் பதிவைப் பார்த்ததும் சந்தேகம். "சார், ஒங்க வீடியோ நடுவுல நடுவுல நின்னுபோவுதுலா? அத வெட்டிட்டு எல்லாத்தையும் ஒட்டிக் குடுங்க. யாராவது ஆன் பண்ணி விட்டா போதும், தனியா டீச்சர் எதுக்கு?" என்றார். அந்த டீச்சர் நான். எனக்கு ஆங்கில வகுப்புகள் இருக்கும்தான். ஆனால் நாற்பது வயதுக்கு மேல் ஒரு மொழி என்னை வந்து பிடித்துக்கொண்டிருந்தது. அதை விட மனமில்லை.

சாகுல் சார் வாதாடவில்லை. "அண்ணாச்சி, ஒரு தடவை வகுப்புல உக்காந்து பாத்துட்டு வெட்டுங்க" என்றார். தாளாளர் பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பதிவு ஓடியது. திரையில் சார் பெயர் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். தாளாளர் இருக்கிற பயத்தில் ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. பதிவு முடிந்தது. மறுபடி போடச் சொன்னார் சார். மறுபடியும் அதே அமைதி. என் கதை முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாவது முறை திரையில் அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தபோது, பின்பெஞ்சிலிருந்து கனத்த குரல் வந்தது. "மே யாமோ தர்மராஜ்." திரையிலிருந்த சார் முகம் மலர்ந்து "முச்சோ குஸ்தோ" என்றார். வகுப்பே வெடித்துச் சிரித்தது. தாளாளருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. "ஏலே, ஒரு மனுஷன் பேரு கேட்டுட்டுப் பாத்துக்கிட்டே இருக்காரு. ஒருத்தனும் பதில் சொல்லலேன்னா மரியாதையா இருக்குமாலே?" என்றார். அதன் பிறகு பிள்ளைகளை அடக்க முடியவில்லை. வெட்டுகிற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நான் இன்றும் ஸ்பானிஷ் டீச்சர்.

வியாழக்கிழமை மாலையே காயல்பட்டினம் போனேன். ஆண்கள் அடக்கத்துக்குப் போயிருந்தார்கள். உள்ளே பெண்களோடு அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். "பட்டன விடுங்க, பட்டன விடுங்கன்னு ஒங்களுக்கெல்லாம் படிச்சுக் குடுத்தாஹ. வூட்டுல ஒரு நாளும் விட்டதில்ல டீச்சர். நான் வாயத் தொறக்கதுக்குள்ள பதிலயும் அவஹளே சொல்லிருவாஹ" என்றார். சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. பிறகு அழுதார். நானும் அழுதேன்.

திங்கட்கிழமை எனக்கு ஆறாம் வகுப்பு. காலை வழிபாட்டில் செய்தியைச் சொல்லி மௌன அஞ்சலி செலுத்தியிருந்ததால் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தப் பதிவைப் போடாமல் நேராகப் பாடத்துக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். சார் திட்டுவார் என்று தோன்றியது. போட்டேன்.

சாயம் போட்ட மீசையோடு வந்து நின்றார். தன் பெயரைச் சொன்னார். எங்கள் பெயரைக் கேட்டார். தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். வழக்கமாகக் கூரை பறக்கக் கத்துகிற பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை ஆண்டுகளில் நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதே இல்லை. ஓடவிடுகிறவள் நான் அல்லவா, கேள்வி எனக்கில்லை என்றே இருந்துவிட்டேன். நான் கற்ற மொழிக்கும், பேசாமல் நிற்கப் பழகிய துணிச்சலுக்கும் அவரே காரணம். அவரிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது அவர் எல்லோருக்கும் விட்டுவைத்த அந்தச் சின்ன இடைவெளி. மவுஸிலிருந்து கையை எடுத்தேன். திரையைப் பார்த்துத் திரும்பி நின்று, "மே யாமோ செல்வராணி" என்றேன்.

"முச்சோ குஸ்தோ" என்றார் சாகுல் சார்.