இன்று பஸ்ஸில் கிடைத்த மன்னிப்பு

பங்குக் கோயில் மண்டபத்தில் எங்கள் அம்மாமாருக்கு ஞாயிறுதோறும் தற்காப்பு வகுப்பு.

போன கிழமை, சொல்லித்தருகிற பெண்ணின் கையை முறுக்கிவிட்டு, "ஸ்கூசி, சிஞ்ஞோரா" (மன்னியுங்கோ, அம்மணி) என்று இத்தாலியனில் மன்னிப்புக் கேட்டேன். வேலை செய்கிற வீட்டு அம்மாவிடம் நாள் முழுக்க அதைத்தானே சொல்கிறேன்!

"கள்ளனிட்டையும் மன்னிப்புக் கேப்பியோடி?" கூடப் பழகுகிற மரியா அக்கா விழுந்து விழுந்து சிரித்தா.

இன்று வேலை முடிந்து, நாங்கள் இருக்கிற சீசாப் பகுதிக்கு வரும் பஸ்ஸில், ஒரு கை என் பைக்குள் நுழைந்தது.

"எடடா கையை!" என்று தமிழிலேயே கத்தியபடி முறுக்கினேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவன் நெளிந்துகொண்டு சொன்னான்: "ஸ்கூசி, சிஞ்ஞோரா!"

பலெர்மோவுக்கு வந்த இத்தனை வருசத்தில் என்னை ஒருவர் சிஞ்ஞோரா என்றது இதுதான் முதல் தடவை.

ஞாயிறு வகுப்புக்கு ஆர் ஆர் வாறியள்? சிஞ்ஞோரா கேக்கிறன்.